முதுமையிற் பல்லும் ஈறும்

என் பாட்டியார் வெற்றிலை பாக்கைச் சிறிய இரும்புரலில் இடித்தே உண்பார்கள். அவர்கள் பற்களில் ஒன்றிலும் சொத்தை கண்டதில்லை. எல்லாம் ஒவ்வொன்றாக ஆடி, வலியுமின்றிக் கையோடு வந்துவிட்டன. முறுக்கும் சோளக்கதிரும் விலக்காயின. பிறகு பந்தியில் எங்களோடு அமர்வதும் நின்றது. “வயதானால் பல் விழத்தானே செய்யும்” என்பார்கள். நானும் அவ்வாறே நம்பினேன். அது முதுமையன்று, நோய் என்பதைக் காலங்கடந்தே அறிந்தேன்.

பல் தாடையெலும்பின் குழியில் நுண்ணிய நார்களாற் கட்டுண்டு நிற்பது. அதன் கழுத்தை ஈறு சூழ்ந்து காக்கிறது. பல்லின்மீது நாள்தோறும் பிசுபிசுப்பான படலம் ஒன்று படிகிறது. அது நுண்ணுயிர்களின் குடியிருப்பு. துலக்காது விட்டால் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை ஏற்றுக் காரையாக இறுகிவிடும். பின்னர் அதனைப் பல் மருத்துவர்தாம் அகற்ற இயலும். ஈறு சிவந்து வீங்கும். துலக்குகையிற் குருதி கசியும். இந்த அளவிற் கவனித்தால் முற்றும் குணமாகும். நம்மவரோ குருதி கண்ட இடத்தைத் தொடவே அஞ்சுகிறார்கள்! நோய் உள்ளிறங்கி எலும்பைக் கரைக்கிறது. கரைந்த எலும்பு மீள்வது அரிது. புகையிலை இதற்கு உற்ற துணை. நீரிழிவு ஈறுகளைக் கெடுக்கும். கெட்ட ஈறுகளோ குருதியிலுள்ள சர்க்கரையை அடங்கவொட்டா.

ஈறு இறங்கினால் வேர் வெளிப்படும். பல்லின் முடியைப் போர்த்துள்ள எனாமல், உடலிலேயே மிகக் கடினமான பொருள். வேருக்கு அக்கவசம் இல்லை. எனவே முதியோர்க்குச் சொத்தை வேரில் எளிதிற் பற்றும். இரத்த அழுத்தத்திற்கும் மனச்சோர்வுக்கும் உண்ணும் மருந்துகளுட் சில உமிழ்நீரைக் குறைப்பதால் இத்தீங்கு மிகும். அதற்காக மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. மருத்துவரிடம் சொல்லி, அடிக்கடி நீர் பருகுதல் வேண்டும்.

செங்கற்பொடியும் கரித்தூளும் பல்லைத் தேய்ப்பனவேயன்றிக் காப்பன அல்ல. மென்மையான தூரிகையும் புளோரைடு கலந்த பற்பசையும் கொண்டு இருவேளை துலக்குவது நன்று, இரவுவேளை தவறலாகாது. பாக்கைப் பற்றியும் ஒரு சொல். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத பாக்கையும் புற்றுநோய் விளைப்பனவற்றுள் வைத்துள்ளது. வாயில் இரண்டு வாரம் ஆறாத புண் இருந்தால் மருத்துவரிடம் காட்டுக. பொய்ப்பல் அணிவோர் இரவில் அதனைக் கழற்றித் துலக்கி நீரில் இடுதல் வேண்டும்.

மாணவர்களே, உங்கள் வீட்டுத் தாத்தாவுக்குக் கை நடுங்குகிறதா? தூரிகையின் பிடியில் பழந்துணியைத் தடிப்பாகச் சுற்றிக் கொடுத்துப் பாருங்கள்; பிடி நழுவாது. என் பாட்டியாருக்கு அதைச் செய்துதர எனக்கு அன்று தெரியவில்லை.