முழங்காலுக்கு ஒரு கவசம்!

வாலிபால் ஆட்டக்காரர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பலர் இரண்டு முழங்கால்களிலும் தடித்த உறை மாட்டியிருப்பார்கள். எதற்கு? பந்து தரையில் விழுவதற்குள் பாய்ந்து எடுக்க வேண்டும். அப்படிப் பாயும்போது தரையில் மோதுவது முழங்கால்தான்!

2021-ல் டோக்கியோவிலும், 2024-ல் பாரிசிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றது பிரான்சின் ஆண்கள் வாலிபால் அணி. அவர்கள் மொழியில் இந்த உறைக்குப் பெயர் 'ஜெனூயேர்'. 'ஜெனூ' என்றால் முழங்கால்.

போர்வீரன் அணிந்தது

இந்தச் சொல் மைதானத்தில் பிறந்ததல்ல. முற்காலத்தில் ஐரோப்பியக் குதிரை வீரர்கள் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் பூண்டார்கள். அதில் முழங்காலை மூடிய துண்டுக்கும் இதே பெயர்தான். இரும்பு போய் மெத்தை வந்தது. பெயர் போகவில்லை!

சின்னச் சக்கரம்

முழங்காலின் முன்னால் வட்டமான எலும்பு ஒன்று இருக்கிறதே, அதை நாம் 'சில்லு' என்கிறோம். பிரெஞ்சில் 'ரொத்யூல்'. சின்னச் சக்கரம் என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம்முடைய சில்லும் வட்டமானதுதானே! அலுத்துக் களைத்த பிரெஞ்சுக்காரர், "சில்லின் மேல் இருக்கிறேன்" என்பார்.

உறை காக்காதது

உறை சிராய்ப்பைத் தடுக்கும். சில்லில் விழும் அடியைத் தாங்கும். அவ்வளவுதான். பிள்ளைக்கு உறை வாங்கிக் கொடுத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று பெற்றோர் இருந்துவிட முடியாது.

மூட்டுக்குள்ளே, கயிறு போன்ற இரண்டு நார்கள் குறுக்காகச் சென்று தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கின்றன. பாதம் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பினால் முன்பக்கத்து நார் அறுந்துவிடலாம். மெத்தை உறை அங்கே என்ன செய்யும்?

பிரெஞ்சுக் கால்பந்து வீரர் ரொபேர் பிரேசுக்கு நடந்தது அதுதான். 2002 மார்ச்சில், இங்கிலாந்தின் ஆர்சனல் அணிக்காக ஆடியபோது, எதிராளியின் காலைத் தாண்டிக் குதித்தார். இறங்கியது சரியாக அமையவில்லை. நார் அறுந்தது! அந்த ஆண்டு உலகக் கோப்பையில் அவர் ஆடவில்லை. முந்தைய கோப்பையை வென்ற பிரான்ஸ், மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூடப் போடாமல் ஊர் திரும்பியது.

குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி மெதுவாக இறங்கப் பழகுவதும், தொடைத் தசைகளை வலுவாக்குவதும் இந்த ஆபத்தைக் குறைக்கும். ஆட்டத்தில் 'படக்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கினால், உறையை இறுக்கி மாட்டிக்கொண்டு மறுநாள் ஆடப் போகக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.