மருந்துச் சீட்டும் ஒரு வர்க்கமூலமும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலையே காட்டல. டுசல்டோர்ஃப்ல ஆணி கொஞ்சம் அதிகம். மாஸ்டர்ஸ் தீஸிஸ் ஓடிட்டிருக்கு. ஹார்ட் டிஸ்க்ல எழுதினதைத் திரும்பப் படிக்கும்போது வர்றது 0வா 1ஆன்னு கண்டுபிடிக்கிறதை கம்ப்யூட்டர்ல சிமுலேட் பண்ணணும்.

"எழுதினதுதானேடா வரும், இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?"ன்னு போன்ல அம்மா கேட்டாங்க.

அதான் இல்ல. காந்தத் திசை மாறுற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு சின்னத் துடிப்பு கிடைக்கும். இடத்தை மிச்சம் பிடிக்க நெருக்கி எழுதறதால, ஒரு துடிப்போட வால் பக்கத்துத் துடிப்பு மேல ஏறிடும். கூடவே இரைச்சல். சிடியிலயும் இதே கதைதான்; லேசர் புள்ளி பக்கத்துக் குழியையும் சேர்த்துப் பார்க்கும். அதனால அதுல 8 பிட்டை 14ஆ மாத்தி எழுதறாங்க. எந்தக் குழியும் 3 பிட்டுக்குக் குறையாது, 11ஐத் தாண்டாது. பிலிப்ஸ்ல இருந்தப்ப இந்தக் குறியீட்டை வடிவமைச்ச கீஸ் இம்மிங்க், பின்னாடி எஸ்ஸன்ல பேராசிரியர் பொறுப்புல இருந்தவர். எஸ்6 ரயில்ல ஏறினா நம்ம பக்கத்து ஊர்!

பழைய வழி, துடிப்போட உச்சியைப் பார்த்து ஒவ்வொரு பிட்டா முடிவு பண்றது. அடுத்த வழி, 1967ல ஆண்ட்ரூ விட்டர்பி சொன்ன அல்காரிதம். டாக்டர் சீட்டை மெடிக்கல் ஷாப் அண்ணன் படிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. தனித்தனி எழுத்தா பார்த்தா எல்லாம் புழுதான். அவர் முழு வரியையும் பார்த்து, எந்த மருந்து இந்தக் கிறுக்கலுக்குப் பொருந்தும்னு முடிவு பண்ணுவார். விட்டர்பியும் அப்படியே. ஐ.பி.எம். 1990ல இதை ஹார்ட் டிஸ்க்ல கொண்டுவந்தாங்க. இதை மேம்படுத்தின ஒரு பேடண்ட் வழக்குல கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்துக்கு மார்வெல் 2016ல 75 கோடி டாலர் கொடுத்து சமரசம் ஆச்சு.

இப்ப என் கதை. போன வாரம் என் விட்டர்பி பிரமாதமான கிராஃப் கொடுத்துச்சு. பிழை சரசரன்னு இறங்குது. ராத்திரியே கைடுக்கு மெயில் தட்டிட்டேன். தூக்கம் வரல. சும்மா எல்லைக்கோட்டை வரைஞ்சு பார்த்தேன். ஒரு பிட்டை மட்டும் தனியா, பக்கத்துல யாருமே இல்லாம எழுதினா வர்ற பிழை அது. அதைவிடக் குறைச்சு எந்த டிடெக்டராலும் வாங்க முடியாது. என்னுது வாங்கியிருக்கு!

ரெண்டு மணி நேரம் தேடினேன். இரைச்சலைப் பெருக்க வேண்டியது நியம விலக்கத்தால. நான் பெருக்கினது அதோட வர்க்கத்தால. 0.316 வர வேண்டிய இடத்துல 0.1. ஒரு வர்க்கமூலம் விட்டுப்போச்சு. 10 டெசிபல்னு நெனச்சு 20 டெசிபல்ல ஓட்டியிருக்கேன்.

எதுவும் சொல்லாம விட்டா கைடு உடனே கவனிச்சிருப்பாரான்னு தெரியாது. சத்தியமா ஒரு அஞ்சு நிமிஷம் யோசிச்சேன். அப்புறம் இன்னொரு மெயில்: "அந்த கிராஃப் தப்பு, மன்னிக்கணும்."

காலைல ஒரே வரில பதில் வந்துச்சு: "நல்லது, திரும்ப ஓட்டு."

ஓடிட்டிருக்கு. பத்து லட்சம் பிட்டுக்கு ஒரு பிழைங்கிற இடத்துல 100 பிழை எண்ண 10 கோடி பிட் வேணும். லேப்டாப் விசிறி மாவு மில்லு மாதிரி கத்துது. புதுக் கோடு எல்லைக்கு இந்தப் பக்கமா ஒழுங்கா, சுமாரா வருது.

பி.கு: சிமுலேஷன் பண்ற புண்ணியவான்களே, ரிசல்ட் ரொம்ப அழகா வந்தா முதல்ல எல்லைக்கோட்டை வரைஞ்சுடுங்க. மெயில் அப்புறம்.