யானைக்கு செருப்பு! பல்கலைக்கழகத்தில் புலி!

யானைக்கு யாராவது செருப்பு தைத்துக் கொடுப்பார்களா?

கொடுத்தார்கள்! அதுவும் நம் நெல்லைச் சீமையில்!

நெல்லையப்பர் கோவில் யானையின் பெயர் காந்திமதி. அம்மன் பெயரையே அதற்கும் வைத்தார்கள். 1985-ம் ஆண்டு கோவிலுக்கு வந்தது. ஊரின் செல்லப்பிள்ளையாக வளர்ந்தது.

வயது ஏறியது. மூட்டுவலி வந்தது. 2022-ம் ஆண்டு பக்தர்கள் 12 ஆயிரம் ரூபாய் செலவில் தோல் செருப்பு செய்து கொடுத்தார்கள். அதை அணிந்து காந்திமதி நடந்தது. பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள்.

ஆனால், 2025 ஜனவரி 12-ந் தேதி காந்திமதி இறந்தது. வயது 56. படுத்த யானையால் எழுந்திருக்க முடியவில்லை.

ராயகிரி வயலில் நின்று மேற்கே பாருங்கள். மலை தெரியும். அந்த மலைக்காட்டில் யானை நாள் முழுவதும் மண்ணில் நடக்கும், மேயும். கல் தரையில் நிற்கும் யானைக்கு அந்த நடை ஏது? உடல் கனக்கும். பாதம் நோகும்.

புலிக்கு என்ன வேலை?

கோவிலுக்கு யானை போல, அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பிராணி உண்டு. ஒரு இடத்தில் எருமை. ஒரு இடத்தில் கரடி. லூசியானா மாநில பல்கலைக்கழகத்தில் புலி! அது பாடம் படிக்க வரவில்லை. பந்தாட்டக் குழுவின் சின்னம் அது.

1936-ம் ஆண்டு மாணவர்கள் ஆளுக்கு கால் டாலர் போட்டார்கள். 750 டாலர் சேர்ந்தது. ஒரு புலிக்குட்டியை வாங்கினார்கள். "மைக்" என்று பெயர் வைத்தார்கள். அது இறந்த பின் வந்த ஒவ்வொரு புலிக்கும் அதே பெயர்தான்.

பந்தய நாளில் புலியை சக்கரக் கூண்டில் ஏற்றி மைதானத்தைச் சுற்றி வருவார்கள். எத்தனை முறை உறுமுகிறதோ, அத்தனை முறை வெற்றிப் புள்ளி கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை! உறும வைக்க கூண்டைத் தட்டுவார்களாம். பாவம், புலி!

கூண்டு நின்றது

2016-ல் ஆறாவது மைக் புற்றுநோயால் இறந்தது. "இனி புலியை மைதானத்துக்கு கொண்டு போகமாட்டோம்" என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. 2017-ல் வந்த ஏழாவது மைக்கை விலை கொடுத்து வாங்கவில்லை. பிராணிகள் காப்பகத்தில் இருந்து தத்து எடுத்தார்கள். அதற்கு 15 ஆயிரம் சதுர அடி இடம். உள்ளே நீர்வீழ்ச்சி, ஓடை, குளம்! கால்நடை மருத்துவ மாணவர்கள் அதைக் கவனிக்கிறார்கள்.

ஆனாலும் ஆசை விடவில்லை. 2024 நவம்பரில் மாநில கவர்னர் ஏற்பாட்டில் வேறு ஒரு புலி கூண்டில் வந்தது. பிராணிகள் நலச் சங்கத்தார் எதிர்த்தார்கள். பலன்? அன்று அந்தக் குழு 42-13 என்று தோற்றது!

பாதத்தைப் பாருங்கள்

யானையானாலும் புலியானாலும் அதன்மீது நமக்கு அன்பு உண்டு. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நம் பெருமைக்காக நிற்கும் பிராணிக்கு நடக்க மண் உண்டா? குளிக்க நீர் உண்டா? ஓய்வு உண்டா? இதையும் கேட்க வேண்டாமா?

தாய்மார்களே! அடுத்த முறை கோவில் யானையிடம் குழந்தையை ஆசி வாங்க அழைத்துச் செல்லும்போது, தும்பிக்கையை மட்டும் காட்டாதீர்கள். அதன் பாதங்களையும் காட்டுங்கள்!