காற்றுத் துப்பாக்கிக் குண்டின் காற்றியக்கவியலும் 10 மீட்டர் சுடுதலின் துல்லியமும்

ஆய்வுச் சுருக்கம்

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் பயன்படும் ஈயக் குண்டின் வடிவம் காற்றில் எவ்வாறு இயங்குகிறது என்பதையும், அவ்வியக்கம் இலக்கில் எவ்வளவு விலகலை உண்டாக்கும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. இழுவை விசையின் அளவைவிட, குண்டுக்குக் குண்டு நேரும் வேறுபாடே துல்லியத்தைக் குலைக்கிறது என்பதும், அவ்வேறுபாடுகளுள் நிறை மையத்தின் விலகலே பெரும் பங்கு வகிக்கிறது என்பதும் எளிய கணக்கீடுகள்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காற்றுத் துப்பாக்கி, ஈயக் குண்டு, இழுவை விசை, நிறை மையம், சுழற்சி நிலைப்பு, துல்லியம்.

முன்னுரை

2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடவர் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் அபினவ் பிந்த்ரா 700.5 புள்ளிகள் பெற்றுத் தங்கம் வென்றார். இரண்டாம் இடம் பெற்ற சீன வீரர் ஜு சினான் பெற்றவை 699.7 புள்ளிகள். இடைவெளி 0.8 புள்ளி மட்டுமே. பதின்மப் புள்ளி முறையில் ஒவ்வொரு 0.1 புள்ளியும் இலக்கின் மையத்திலிருந்து 0.25 மி.மீ. தொலைவைக் குறிக்கும். அவ்வகையில் 0.8 புள்ளி என்பது 2 மி.மீ. விலகலுக்கு நிகர். 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி தகுதிச் சுற்றுக்கும் பதின்மப் புள்ளி முறை விரிவாக்கப்பட்டதால், கால் மில்லிமீட்டரும் கணக்கில் வரும் நிலை உருவாயிற்று.

துல்லியத்தைப் பற்றிப் பேசுவோர் உடல்நிலைப்பாடு, மூச்சுக் கட்டுப்பாடு, விசை இழுக்கும் முறை ஆகியவற்றையே முதன்மைப்படுத்துவர். அது பொருத்தமே. ஆயினும் குழலைவிட்டு நீங்கிய பின் குண்டு வீரரின் கட்டுப்பாட்டில் இல்லை. எஞ்சிய பத்து மீட்டரில் நிகழ்வது என்ன என்பதே இக்கட்டுரையின் வினா.

குண்டின் வடிவம்

போட்டிக் குண்டு 4.5 மி.மீ. விட்டமும் ஏறத்தாழ 0.53 கிராம் எடையும் உடையது. தலை தட்டையாகவும், இடை குறுகியும், பின்பகுதி உள்ளீடற்று விரிந்தும் இருக்கும். உடுக்கையை ஒத்த இவ்வடிவம் ‘டயாபோலோ’ எனப்படுகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பணி உண்டு. தட்டையான தலை தாள் இலக்கில் கிழிசலின்றி வட்டத் துளையிடும். புள்ளியை ஐயமின்றி அளக்க அது துணைபுரியும். ‘பாவாடை’ எனப்படும் மெல்லிய பின்பகுதி காற்றழுத்தத்தால் விரிந்து, குழலின் உட்சுவரோடு ஒட்டிக் காற்றுக் கசிவைத் தடுக்கும்.

பின்பகுதி உள்ளீடற்றிருப்பதால் நிறை மையம் தலைப்பக்கம் அமைகிறது. காற்றின் அழுத்த மையம் அதற்குப் பின்னால் விழுகிறது. குண்டு சற்றே சாய்ந்தாலும் காற்று அதன் பின்பகுதியைத் தள்ளி மீண்டும் நேராக்கும். இறகுப்பந்து எப்போதும் தக்கைப் பக்கம் முன்னோக்கியே பறப்பதும் இவ்விதியாலேயே. இதனுடன், குழலின் உட்புறத் திருகுவரிகள் தரும் சுழற்சியும் குண்டை நிலைப்படுத்துகிறது.

இழுவை விசை: அளவும் மாறுபாடும்

குண்டு குழல்வாயை நீங்கும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர். இது ஒலியின் வேகத்தில் பாதி. தட்டைத் தலையின் இழுவைக் கெழு 0.6 எனவும், காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் எனவும் கொண்டால், இலக்கை அடையும்போது வேகம் 153 மீட்டராகக் குறையும். பறக்கும் நேரம் 0.062 வினாடி, அதற்குள் குண்டு புவியீர்ப்பால் ஏறத்தாழ 19 மி.மீ. கீழிறங்கும். இழுவையே இல்லாவிடில் இவ்விறக்கம் 17 மி.மீ. அளவில் நின்றிருக்கும்.

எனவே தட்டைத் தலையால் நேரும் கூடுதல் இறக்கம் 2 மி.மீ. மட்டுமே. ஒவ்வொரு குண்டிலும் இது ஒன்றுபோல் நிகழும் என்பதால், குறிகாட்டியைத் திருத்தி இதனை முழுமையாக ஈடுசெய்யலாம். திருத்த இயலாதது மாறுபாடே. ஒரு குண்டின் தொடக்க வேகம் 2 மீட்டர் குறைந்தால், அது ஏறத்தாழ 0.45 மி.மீ. கீழே படும், 10.9 பெறவேண்டிய குண்டு 10.8 பெறும்.

நிறை மைய விலகல்

வேக மாறுபாட்டினும் கடுமையான விளைவைத் தருவது குண்டின் சமச்சீரின்மை. குழலுக்குள் குண்டு தன் வடிவ அச்சைப் பற்றிச் சுழல்கிறது. நிறை மையம் அவ்வச்சிலிருந்து சிறிது விலகியிருந்தால், அது ஒரு சிறு வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். குழலைவிட்டு நீங்கும் கணத்தில் அந்த வட்ட இயக்கம் பக்கவாட்டு வேகமாக மாறிவிடும். கவணிலிருந்து கல் தொடுகோட்டில் தெறிப்பதைப் போன்றது இது.

திருகுவரிகள் 45 செ.மீ. நீளத்தில் ஒரு முழுச்சுற்றுத் தருகின்றன எனக் கொண்டால், குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 378 முறை சுழலும். நிறை மைய விலகல் 0.01 மி.மீ. மட்டுமே எனினும், பக்கவாட்டு வேகம் வினாடிக்கு 24 மி.மீ. ஆகும், இலக்கில் விலகல் ஏறத்தாழ 1.5 மி.மீ. இவ்வொரு காரணத்தாலேயே 10.9 பெறவேண்டிய குண்டு 10.4 அளவிற்கு இறங்கிவிடும். மேலும், குண்டு எந்தக் கோணத்தில் குழலுள் இடப்பட்டது என்பதைப் பொறுத்து விலகலின் திசை மாறும். ஆதலின் குறிகாட்டியால் இதனைத் திருத்த இயலாது. பாவாடையின் விளிம்பில் ஏற்படும் சிறு நசுங்கலும் இத்தகைய விலகலுக்கு இடமளிக்கும்.

தொலைவு கூடும்போது

ஒரே வடிவம் எல்லாத் தொலைவுக்கும் ஏற்றதன்று. திறந்தவெளியில் 50 மீட்டர் தொலைவில், 0.55 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 240 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது எனவும், வினாடிக்கு 2 மீட்டர் பக்கக்காற்று வீசுகிறது எனவும் கொள்வோம். தட்டைத் தலைக் குண்டு ஏறத்தாழ 130 மி.மீ. ஒதுங்கும்; இழுவைக் கெழு 0.37 உடைய உருண்டைத் தலைக் குண்டு 75 மி.மீ. மட்டுமே ஒதுங்கும். களத்தில் சுடுவோர் உருண்டைத் தலையை விரும்புவதன் காரணம் இதுவே. அதே காற்றில் 10 மீட்டரிலும் போட்டிக் குண்டு 6.5 மி.மீ. ஒதுங்கும், உள்ளரங்கில் நடைபெறுவதால் இச்சிக்கல் அப்போட்டியில் எழுவதில்லை.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன:

1. 10 மீட்டர் தொலைவில் இழுவையின் அளவு ஒரு குறையன்று. அது மாறாதிருப்பதே தேவை.

2. வேக மாறுபாட்டால் நேரும் இழப்பினும் நிறை மைய விலகலால் நேரும் இழப்பு பெரிது. எனவே குண்டுகளை எடைபோட்டுப் பிரிப்பது மட்டும் போதாது. ஒரே எடையுள்ள இரு குண்டுகளுள் ஒன்று சமச்சீரற்றதாக இருக்கலாம். அதனைத் தராசு காட்டாது.

3. துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுக்கி, ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் பல குண்டுகளைச் சுட்டு, அவை விழும் பரவலை ஒப்பிடும் சோதனையே நம்பத்தக்கது. வீரரின் கைநடுக்கத்தை நீக்கிவிட்டுக் குண்டின் குறையை மட்டும் அது வெளிப்படுத்தும். நசுங்காதவாறு தனித்தனிக் குழிகளில் குண்டுகளை வைத்துக் காப்பதும் இன்றியமையாதது.

இத்தகைய சோதனை வாய்ப்பு இல்லாத இளம் வீரர், குண்டின் குறையைத் தம் குறையாகக் கருதி, சரியாக அமைந்த நிலைப்பாட்டையே மாற்றிக்கொள்ள நேரிடும். இவ்விரு பிழைகளையும் பிரித்தறியும் வழியைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்பிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.