கல்லறைத் திருநாள்: நவம்பர் 2-ல் என்ன நடக்கிறது?

மகாளய அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும் காவாந்தண்டலத்துக்காரருக்கு, சில வாரம் கழித்து வரும் நவம்பர் 2 விநோதமாகத் தெரியாது. கத்தோலிக்கர்களுக்கு அன்று கல்லறைத் திருநாள். காவாந்தண்டலம் இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அவர்கள், 2002-ல் சென்னை-மயிலையிலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

முன்தினமே புல் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். அன்று சாமந்தி, ரோஜா, மெழுகுவத்தி, ஊதுவத்தி. சாமியார் அங்கேயே பூசை வைத்து, தீர்த்தம் தெளித்தபடி கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு போவார். ஐப்பசி மழை சும்மா விடுமா? குடையைப் பிடித்துத் திரியை அணையாமல் காப்பது ஒருவர் வேலையாகிவிடும். செத்தவருக்குப் பிடித்த பலகாரத்தை வைக்கும் குடும்பங்களும் உண்டு. திருச்சபை அதைக் கேட்பதில்லை.

கேட்பது செபத்தைத்தான். அருள்நிலையில் இறந்தும் முழுதாகத் தூய்மை அடையாத ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிறது. உயிரோடிருப்பவர்களின் செபமும் பூசையும் அதற்கு உதவும் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. ஆதாரமாகக் காட்டப்படுவது மக்கபேயர் இரண்டாம் நூல்: போரில் மடிந்த வீரர்களின் பாவத்துக்காகப் படைத்தலைவர் யூதா மக்கபே 2,000 வெள்ளி திராக்மாக்களைத் திரட்டி எருசலேமுக்கு அனுப்புகிறார். சீர்திருத்தச் சபைகளின் பைபிளில் அந்த நூல் இல்லை. அதனால் சி.எஸ்.ஐ. குடும்பங்கள் அதே நாளில் பூ வைத்தாலும், இறந்தவருக்காக மன்றாடுவது அவர்கள் போதனையில் இல்லை.

இந்த நாளைத் தொடங்கிவைத்தவர் பிரான்ஸின் குளூனி மடத்துத் தலைவர் ஒதிலோ, காலம் கி.பி. 1000-ஐ ஒட்டி. 1915-ல், உலகப் போரில் பிணங்கள் குவிந்துகொண்டிருந்தபோது, திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் ஒவ்வொரு குருவும் அன்று மூன்று பூசை வைக்கலாம் என்றார். ஒன்று குரு விரும்பும் கருத்துக்கு, ஒன்று இறந்த விசுவாசிகள் எல்லாருக்கும், ஒன்று திருத்தந்தையின் கருத்துக்கு. காணிக்கை வாங்கலாம், ஆனால் ஒரு பூசைக்கு மட்டும். யாரும் நினைத்துப் பார்க்க ஆளில்லாத செத்தவருக்கும் இதில் பங்கு உண்டு என்பதுதான் எனக்கு இந்த ஏற்பாட்டில் பெரிதாகப் படுகிறது.

வருடத்தின் மற்ற நாட்களிலும் ஞாபகார்த்தப் பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்கிறார்கள்: ஏழாம் நாள், முப்பதாம் நாள், வருஷம். இடைவிடாமல் 30 நாள் ஒருவருக்கே வைப்பது கிரகோரியார் பூசை. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தோருக்காகச் செபிப்பவர், பாவசங்கீர்த்தனம், நற்கருணை முதலிய நிபந்தனைகளை நிறைவேற்றினால், பாவத்துக்குரிய தண்டனையை முழுதும் நீக்கும் பரிபூரண பலனைப் பெற்று ஓர் ஆன்மாவுக்கு ஒப்புக்கொடுக்கலாம். உடலை எரிக்க 1963-லிருந்து தடையில்லை. ஆனால் சாம்பலை ஆற்றில் கரைக்கக்கூடாது என்று 2016-ல் வத்திக்கான் சொல்லிவிட்டது.

பூசையில் எல்லாரும் ஒன்று. குழிமேட்டில் அப்படியில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கத்தோலிக்கர்களைப் பிரித்து நின்ற சுவர் ஊரறிந்த விவகாரம். எறையூர் கிராமத்தில் தலித் கத்தோலிக்கர்களின் சவ ஊர்வலத்துக்குப் பொதுப்பாதை மறுக்கப்பட்டது உள்ளிட்ட பூசல் முற்றி, 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் செத்தார்கள். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, தீண்டாமையைப் பெரும் பாவம் என்று கண்டித்தது. அதைக் கல்லறை வாசல்வரை கொண்டுபோக வேண்டியவர்கள் அந்தந்தப் பங்குச் சாமியாரும் ஊர்ப் பெரியவர்களும்.