வாட் கணக்கும் சூடாகும் பிளக்கும்

குளியலறைக் கீசரில் ஒட்டியிருக்கும் தகட்டில் 2000 வாட், 230 வோல்ட் என்று இரண்டு எண்கள் இருக்கும். நாம் பெரும்பாலும் முதல் எண்ணைப் படித்ததோடு சரி. ஆனால் 230 வோல்ட் வந்தால்தான் அது 2000 வாட் கீசர்.

கணக்கு எளிது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன், அதாவது வாட். வகுத்தால் மின்தடை, அதாவது ஓம். 2000ஐ 230ஆல் வகுத்தால் 8.7 வரும், கீசர் இழுக்கும் ஆம்பியர் அது. 230ஐ அந்த 8.7ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 26.4 ஓம், தண்ணீருக்குள் இருக்கும் காயிலின் தடை. கீசரை 6 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகாதீர்கள், 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும் என்று எலெக்ட்ரீசியன் கறாராகச் சொல்வது இதனால்தான்.

இந்த எண்களில் காயிலுக்கே சொந்தமானது தடை மட்டும். வாட் என்பது வருகிற மின்னழுத்தத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். கோடையில் லோ வோல்டேஜாகி 190 வோல்ட்தான் வருகிறது என்று வையுங்கள். 26.4 ஓம் அப்படியே இருக்கும், மின்னோட்டம் 7.2 ஆம்பியராகும். இரண்டையும் பெருக்கினால் சுமார் 1370 வாட். மின்னழுத்தம் குறைந்தது 17 சதவீதம். திறனோ 30 சதவீதத்துக்கு மேல் சரிந்துவிட்டது. அழுத்தம் இறங்கும்போது மின்னோட்டமும் கூடவே இறங்குவதால் அடி இரட்டிப்பாக விழுகிறது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேற்ற, முழு வோல்டேஜில் 18 நிமிடம் போதும். இப்போது 27 நிமிடம் ஆகும். செலவாகும் மின்சாரம் இரண்டிலும் ஏறத்தாழ 0.6 யூனிட்தான். ஆகவே கீசரைப் பொறுத்தவரை லோ வோல்டேஜ் நேரத்தைத் தின்னும், பில்லை அவ்வளவாகத் தொடாது.

அழுத்தம், ஓட்டம், தடை ஆகிய மூன்றையும் இப்படி முடிச்சுப் போட்டுக் காட்டியவர் கியோர்க் சைமன் ஓம். ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது இந்தச் சோதனைகளைச் செய்தார். அன்றைய பேட்டரிகள் நிலையாக மின்சாரம் தரவில்லை. அளந்துகொண்டிருக்கும்போதே ஓட்டம் தளர்ந்துவிடும். எனவே அவர் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். அந்த வெப்ப வேறுபாடு சிறிதளவே என்றாலும் ஆடாமல் அசையாமல் மின்சாரம் தந்தது. 1827இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார். சொந்த நாட்டில் அதற்குப் பெரிய வரவேற்பில்லை; 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் அளித்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஜூல், கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பெருக்கிய அளவில் இருக்கும் என்று நிறுவினார்.

தடை எப்போதும் மாறாதா? பழைய குண்டு பல்பு இதற்குப் பதில் சொல்லும். 60 வாட் பல்பின் தடையைக் கணக்குப் போட்டால் 880 ஓமுக்கு மேல் வருகிறது. கழற்றிக் கையில் வைத்து மல்டிமீட்டரில் பார்த்தாலோ அதில் பத்தில் ஒரு பங்கு கூடக் காட்டாது. மீட்டரும் சரி, கணக்கும் சரி. எரியும்போது டங்ஸ்டன் இழை 2000 டிகிரியையும் தாண்டிச் சூடேறுகிறது. சூடேறச் சூடேறத் தடையும் கூடுகிறது. சுவிட்சைத் தட்டிய நொடியில் இழை குளிர்ந்திருப்பதால் மின்னோட்டம் பல மடங்கு பாயும். குண்டு பல்புகள் பெரும்பாலும் போடும்போதே 'பட்'டென்று ஃபியூஸ் போவதற்கு இது முக்கியக் காரணம். கீசர், இஸ்திரிப் பெட்டியின் காயில்கள் நைக்ரோம் கம்பி என்பதால் அவற்றின் தடை சூட்டில் அதிகம் மாறுவதில்லை. ஃபேன், மிக்ஸி போன்ற மோட்டார் சாதனங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கை அப்படியே போடக் கூடாது. சுற்றும் மோட்டார் தானே ஓர் எதிர் அழுத்தத்தை உண்டாக்கும்.

ஜூலின் விதி நம் வீட்டுச் சுவரிலேயே வேலை செய்கிறது. சாக்கெட்டில் பிளக்கின் பின் தளர்ந்து, அந்த இடத்தில் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டதாகக் கொள்வோம். கீசரின் மின்னோட்டம் 8.5 ஆம்பியராகக் குறைகிறது. 8.5ஐ 8.5ஆல் பெருக்கி, பாதியாக்குங்கள்: சுமார் 36 வாட். ரேடியோ மெக்கானிக் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னின் சூடு இது. சாக்கெட்டுக்குள், ஒரு பின்னின் முனையில், கீசர் ஓடும் நேரமெல்லாம் எழுகிறது. பிளாஸ்டிக் பழுப்பேறுவதும் கருகல் வாடை வருவதும் இதனால்தான். எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளாது. அது கவனிப்பது மின்னோட்டம் மிகுகிறதா என்பதை. இங்கே மின்னோட்டம் சற்றுக் குறைந்தல்லவா இருக்கிறது! பெரிய எம்.சி.பி. மாட்டினாலும் பயனில்லை. கீசரை அணைத்ததும் புறங்கையால் பிளக்கின் மேற்பரப்பைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியாதபடி சுட்டால் சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால், பழையதன் தேய்ந்த பின் புதியதையும் தளர்த்திவிடும்.