குடமும் இடுப்பும்

இண்டஸ்ட்ரியல் டிசைன்னு சொன்னதும் பலருக்குக் கார், செல்போன், சோபா இதெல்லாம்தான் ஞாபகம் வருது. தமிழில் 'தொழில்துறை வடிவமைப்பு'ன்னு எழுதினா ஏதோ ஆலைக்குள்ள நடக்கிற வேலை மாதிரி தோணிடும். (திருச்சிக்காரங்களுக்கு அப்படித் தோணினா ஆச்சரியமில்லை. பெல் இருக்கிற ஊர்.) எளிமையா சொன்னா, ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்யப்போகிற ஒரு பொருளை யார் எப்படிப் பிடிப்பாங்க, எப்படிக் கழுவுவாங்க, எங்க வைப்பாங்க, உடைஞ்சா என்ன செய்வாங்கன்னு முன்கூட்டியே யோசிச்சு அதுக்கு உருவம் கொடுக்கிற வேலை.

நான் படிக்கிறது மெக்கானிக்கல். போன செமஸ்டர்ல இதை விருப்பப் பாடமா எடுத்தேன். முதல் வேலையே, வீட்டில் இருக்கிற ஒரு பொருளை எடுத்து அது ஏன் அப்படி இருக்குன்னு எழுதிட்டு வரணும். வகுப்பில் பாதிப்பேர் மிக்ஸி எடுத்தாங்க, மீதிப்பேர் குக்கர். நான் பிளாஸ்டிக் குடத்தை எடுத்தேன். அதுக்குக் காரணம் ஒரு பழைய அறிக்கை.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ்னு ஒரு அமெரிக்கத் தம்பதி. நாற்காலிகளுக்குப் பேர்போனவங்க. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோட இந்திய அரசு இவங்களை வரவழைச்சது. சில மாசம் நாடு முழுக்கச் சுத்திட்டு 1958-ல் ஓர் அறிக்கை கொடுத்தாங்க. அகமதாபாத்தில் 1961-ல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்ததுக்கு அந்த அறிக்கை ஒரு முக்கியக் காரணம். அதில் அவங்க ரொம்ப வியந்து பேசுற பொருள் கோயிலோ சிற்பமோ இல்லை, லோட்டா. நம்ம சொம்பு. இதைப் புதுசா ஒருத்தர் வடிவமைக்கணும்னா என்னென்ன யோசிக்கணும்னு ஒரு நீளமான பட்டியல் போடுறாங்க. எவ்வளவு தண்ணி பிடிக்கணும், கையில் எடுப்பாங்களா தலையில் வைப்பாங்களா இடுப்பில் வைப்பாங்களா, ஊத்தும்போது எப்படி விழணும், உள்ளே கை விட்டுத் தேய்க்க முடியுமா, கடைசியில் பழைய உலோகமா போட்டா என்ன கிடைக்கும், இப்படி. இதையெல்லாம் எந்தத் தனி மனுஷனும் யோசிச்சுச் செய்யலை, பல தலைமுறை சேர்ந்து செஞ்சதுன்னு சொல்றாங்க.

படிக்கும்போது எனக்கு ஓர் இடத்தில் இடிச்சது. சொம்பை யாருங்க இடுப்பில் வைக்கிறாங்க? இடுப்புன்னு வந்துட்டா அது குடம். வடக்கே லோட்டாங்கிற சொல் எவ்வளவு பெரிய பாத்திரம் வரைக்கும் போகுமோ, ஸ்ரீரங்கத்தில் ரெண்டும் வேற வேற பொருள். சொம்பு கைக்கு, குடம் இடுப்புக்கு. அந்தக் கேள்விப் பட்டியலைச் சொம்பை விட்டுட்டுக் குடத்துக்கிட்ட கேட்டுப் பார்த்தா என்னன்னு தோணுச்சு.

எங்க வீட்டில் பாட்டி கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடம் ஒண்ணு பரண் மேல இருக்கு. காலியாவே மூணு கிலோவுக்கு மேல. அடுப்படியில் நிக்கிற பச்சை பிளாஸ்டிக் குடம் முக்கால் கிலோகூட வராது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா நிழல் ஒண்ணுதான். உருண்ட வயிறு, சரிவான தோள், ஒடுங்கின கழுத்து, வெளியே மடிஞ்ச வாய். மண்ணுலயும் இதே உருவம். ஐப்பசியில் அம்மா மண்டபத்திலிருந்து யானை மேல் வருகிற ரங்கநாதரோட தங்கக் குடமும் இதே உருவம்தான்.

பொருள் மாறினாலும் பழைய உருவத்தை வெறும் அலங்காரமா ஒட்டிக்கிட்டு வர்றதுக்கு ஆங்கிலத்தில் ஸ்கியூமார்ஃப்னு பேர். செல்போன்ல போட்டோ எடுக்கும்போது பழைய கேமரா மாதிரி 'க்ளிக்'னு சத்தம் வருதே, அது. பிளாஸ்டிக் குடமும் அந்த வகைதான்னு ஒரே வரியில் எழுதி முடிச்சிருக்கலாம். ஆனா குடத்துல ஒவ்வொரு வளைவும் இன்னிக்கும் வேலை செய்யுது.

கழுத்தை எடுத்துக்குங்க. இடுப்பில் ஏத்தின குடத்தைச் சுத்தி வர்ற கை, முழங்கை மடிப்பில் அந்தக் கழுத்தைத்தான் அணைக்குது. விரல் போய் வாயின் விளிம்பைப் பிடிக்குது. கழுத்து இல்லைன்னா அணைப்பு வழுக்கிடும். வாய் சின்னதா இருக்கிறதால தண்ணி தளும்புற பரப்பு குறைவு. அதுக்காக ரொம்பச் சின்னதாவும் ஆகக்கூடாது. கை உள்ளே போகணும், சொம்பை விட்டு மொள்ளணும், குழாயிலிருந்து விழுற தண்ணி சிதறாம உள்ளே இறங்கணும். வெளியே மடிஞ்ச விளிம்பு விரலுக்குப் பிடி, மெல்லிசான வாய்க்குப் பலம், ஊத்தும்போது தண்ணி கழுத்தோட ஒட்டி ஒழுகாம அறுத்துக்கிட்டு விழ ஒரு முனை. 15 லிட்டர் குடம்னா 15 கிலோ தண்ணி. அதை வாளியில் தூக்கினா ஒரு கையில் தொங்கும், கம்பி உள்ளங்கையை அறுக்கும், நடக்க நடக்கக் கெண்டைக்காலில் இடிக்கும். குடம் அதே எடையை முதுகெலும்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இடுப்பெலும்பு மேல உட்கார வைக்குது.

பிளாஸ்டிக் வாளி ஏன் குடம் மாதிரி இல்லைங்கிறதுக்கு வேற ஒரு காரணமும் இருக்கு. வாளியை வார்க்கும்போது உள்பக்கத்துக்குன்னு ஓர் அச்சு இருக்கும். வார்த்து முடிஞ்சதும் அதை வெளியே உருவணும். அதனால வாளி மேலே அகலமா கீழே ஒடுக்கமாத்தான் இருந்தாகணும். குடத்துக்கு உள் அச்சே கிடையாது. உருகின பிளாஸ்டிக்கைக் குழாய் மாதிரி தொங்கவிட்டு, ரெண்டு பாதி அச்சை ரெண்டு பக்கமும் மூடி, பலூன் மாதிரி காத்து ஊதுறாங்க. ப்ளோ மோல்டிங். உங்க வீட்டுக் குடத்தைத் திருப்பிப் பாருங்க, வாயிலிருந்து அடி வரைக்கும் மேலிருந்து கீழா ஒரு மெல்லிய கோடு தெரியும். ரெண்டு பாதி அச்சும் சந்திச்ச இடம் அது. பழைய பித்தளைக் குடத்தில் கோடு குறுக்கா, வயித்தைச் சுத்தி ஓடும். மேல் பாதி, கீழ் பாதின்னு தனித்தனியா தட்டி, ஓரத்தைப் பல்லு பல்லா வெட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துப் பத்தவச்ச இடம். கன்னாருக்கு அதிக உழைப்பு வாங்கின அந்தக் கழுத்தும் தோளும் காத்து ஊதுற மெஷினுக்கு ஒரு சிரமமே இல்லை. பழைய உருவம் பிழைச்சதுக்கு உடம்பு ஒரு காரணம், இந்த மெஷின் இன்னொரு காரணம்.

பெரிய கடை வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு இஞ்சி டேப்போட போனேன். பித்தளைக் குடத்தின் கழுத்தைச் சுத்தி அளந்துக்கிட்டு இருந்தப்ப கடைக்காரர், "என்ன தம்பி, குடத்துக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"ன்னார். அவர்தான் முக்கியமான ஒரு விஷயத்தைச் சொன்னார். பித்தளை எடைக்கு விலை. பழசைக் கொண்டுவந்தா சேதாரம் கழிச்சுக்கிட்டு எடைக்கு எடுத்துக்குவாங்க. ஈம்ஸ் பட்டியலில் கடைசியில் வர்ற கேள்விக்கு இங்கே பில் புக்லயே பதில் இருக்கு. பிளாஸ்டிக் குடத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. விரிசல் விட்டா செடி வைக்கலாம், இல்ல பழைய பிளாஸ்டிக்கா போடலாம்.

பாட்டி சொன்னது இன்னொண்ணு. "இது கிணத்துக்கு ஆகாதுடா, மிதக்கும்." யோசிச்சுப் பார்த்தா முழு வரலாறும் அந்த ஒரு சொல்லில் இருக்கு. பித்தளைக் குடத்தின் கழுத்தில் கயித்தைச் சுருக்குப் போட்டு ராட்டினத்தில் இறக்கினா, தன் கனத்தாலேயே சாய்ஞ்சு முங்கி நிறையும். பிளாஸ்டிக் தண்ணியை விட லேசு; கிணத்துக்குள்ள விட்டா மேலேயே படுத்துக்கிட்டு ஆடும். அப்ப பிளாஸ்டிக் குடம் எந்தத் தண்ணிக்கான பொருள்? மேலிருந்து விழுற தண்ணிக்கு. தெருக் குழாய், அடிபம்பு, லாரி. இதுக்கெல்லாம் காத்திருக்கணும், வரிசையில் நிக்கணும். லேசான குடம் அந்த வரிசைக்குப் பொருத்தமா வந்தது. நாலு காலிக் குடத்தைக் கோத்துத் தூக்கிட்டுப் போகலாம். ஆள் வீட்டுக்குப் போய் உலை வச்சுட்டு வர்ற வரைக்கும் குடம் வரிசையில் நின்னு இடம் பிடிக்கும். சிவப்பு, நீலம், மஞ்சள்னு நிறம் வேற வேறயா இருக்கிறதால எது யாருதுன்னு தூரத்திலிருந்தே தெரியும். கோபம் வந்தா அதே காலிக் குடத்தோட சாலை மறியல். நம்ம செய்தித்தாள்களில் கோடை வந்தா அந்தப் படம் வராம இருக்காது. பித்தளைக் குடத்தை யாரும் நடுரோட்டில் வச்சுட்டு உட்கார மாட்டாங்க.

அடுத்து, நானே ஒரு சோதனை செஞ்சேன். நிறை குடத்தை இடுப்பில் வச்சு மாடிப்படி ஏறணும். உட்காரவே மாட்டேங்குது. கைலி மேல வழுக்கி வழுக்கித் தொடைக்கு இறங்குது, அதைத் தடுக்க உடம்பை வில்லா வளைக்க வேண்டியிருக்கு. அம்மா வாங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, ஒரு வெட்டு வெட்டி ஏத்தினாங்க. இன்னொரு கையில் வாளி. போயிட்டே இருந்தாங்க. இடுப்பெலும்பின் விரிவு, செருகின துணி தர்ற மெத்தையும் பிடிப்பும், சின்ன வயசிலிருந்து வந்த பழக்கம் மூணும் சேர்ந்துதான் குடம் உட்காருது. ஆம்பளைங்க தண்ணி கொண்டுவரும்போது தோளில் வைக்கிறாங்க, இல்ல சைக்கிள், டி.வி.எஸ். 50-ல் கட்டுறாங்க.

இதையெல்லாம் படம் போட்டு வகுப்பில் பேசினேன். மணப்பாறைப் பக்கத்துக் கிராமத்துப் பொண்ணு ஒருத்தி எங்க வகுப்பில் படிக்கிறா. கேட்டுட்டு, "நீ அழகுன்னு எழுதியிருக்கிறதைத்தான் நான் பன்னெண்டாவது வரைக்கும் தினம் நாலு நடை சுமந்தேன். இவ்வளவு பொருத்தமா இருக்கிறதாலதான் எவனும் வேற வழி யோசிக்கலையோ?"ன்னா.

வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியா இருந்தது. நான் எழுதினதில் ஒரு வரியையும் அடிக்கலை. குடம் நல்ல வடிவம்தான். ஆனா இடுப்பில் வைப்பாங்களான்னு கேட்ட ஈம்ஸ் பட்டியல், யார் இடுப்புன்னு கேட்கலை. அந்தக் கேள்வியைச் சேர்த்ததும் பட்டியல் முழுக்க வேற மாதிரி தெரியுது.

தண்ணி கிளம்புற முனையில் இந்த மாதிரி கேள்வி ஒருமுறை ஒழுங்கா கேட்கப்பட்டிருக்கு. பழைய வார்ப்பிரும்பு அடிபம்புகள் ஒரு குடும்பத்துக்குன்னு செஞ்சவை. ஊரே அடிச்சா உடையாம என்ன செய்யும்? சோலாப்பூரில் உருவான எஃகு பம்பை அடிப்படையா வச்சு, யுனிசெஃப் உதவியோட 1970-களில் இந்தியா மார்க் 2 வந்தது. கோயம்புத்தூர் பக்கத்தில் சோதிச்சாங்க, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் தயாரிச்சது. கைப்பிடிக்கும் உள்கம்பிக்கும் நடுவில் ஒரு சங்கிலி. அதனால கம்பி எப்பவும் நேரா ஏறி இறங்கும், பக்கவாட்டில் தேயாது. நாள் முழுக்க ஊரே அடிக்கும்ங்கிறதை முதலிலேயே கணக்கில் எடுத்த பொருள் அது. அப்புறம் வந்த மார்க் 3-ல், குழாயை முழுசா உருவாமலே பிஸ்டனை வெளியே எடுத்து ஊர்க்காரங்களே பழுதுபார்க்கலாம். பம்பிலிருந்து வீடு வரைக்கும் உள்ள தூரத்துக்கு மட்டும் குடமே போதும்னு விட்டுட்டாங்க. 1991-ல் தென்னாப்பிரிக்காவில் ஹிப்போ ரோலர்னு ஒண்ணு செஞ்சாங்க. 90 லிட்டர் பீப்பாயைத் தரையில் உருட்டிக்கிட்டே போகலாம். நல்ல யோசனை. ஆனா நம்ம ஊர் சந்தையும் படியும் சாக்கடையும் அதை விடுமாங்கிறது சந்தேகம். என்னைக் கேட்டா, குடத்துக்குச் சரியான மாற்று வீட்டுக்குள்ள வர்ற குழாய்தான்.

இப்ப எங்க தெருவில் குடிதண்ணிக்குப் பாதி வீட்டில் 20 லிட்டர் கேன். வண்டியில் வருது. கழுத்து தம்மாத்தூண்டு, அணைக்க இடமில்லை. உடம்பு நேரான உருளை, சுத்தி வளையம் வளையமா வரி. வண்டியில் அடுக்கவும் டிஸ்பென்சரில் கவிழ்க்கவும் அந்த உருவம் தோது. அதை இடுப்பில் வைக்க முடியாது, யாரும் வைக்கிறதுமில்லை. கூலிக்கு வர்ற ஆம்பளை தோளில் தூக்கிட்டு வந்து வாசலில் இறக்கிட்டுப் போயிடுறார். சுமக்கிற ஆள் மாறினதும் உருவமும் மாறிடுச்சு. அதுவும் வாசல் வரைக்கும்தான். அதுக்கப்புறம் 20 கிலோவைக் கவிழ்க்க எழுபத்தெட்டு வயசுப் பாட்டியால முடியாது, அம்மாவுக்கும் மூச்சு வாங்குது.

அதுக்கும் தெருமுனை வெல்டிங் பட்டறையில் ஒரு வழி வச்சிருக்காங்க. இரும்புக் கம்பியில் ஊஞ்சல் மாதிரி ஒரு ஸ்டாண்ட். கேனை அதில் படுக்க வச்சுட்டா, ஒரு விரலால் சாய்ச்சே டம்ளரில் ஊத்தலாம். கேனை ஏத்தி வைக்க மட்டும் இன்னும் ஒரு ஆள் வேணும். அந்த உயரத்தைத்தான் இப்ப அளந்துக்கிட்டு இருக்கேன்.